பத்து நிமிடக் கடையும் பளபளத் தரையும்

கடை வைக்கப் போகிறேன் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தரை என்ன தரை போடப் போகிறீர்கள் என்பதைத்தான். கேட்டதும் சிரிப்பார்கள். முதல் எவ்வளவு, வாடகை எவ்வளவு, கடைக்கு என்ன பெயர் என்று கேட்பேன் என எதிர்பார்த்து வந்திருப்பார்கள். அதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். தரையைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

போன மாதம் பஞ்சாயத்து ஹாலில் புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். கொச்சியிலிருந்து ஒருவர் வந்து பேசினார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் கண்ணை மூடி, பத்து வருடம் கழித்து உங்கள் கடை எப்படி இருக்கும் என்று மனதில் பாருங்கள் என்றார். நானும் மூடினேன். காலை நாலரைக்கு எழுந்து மாவாட்டினவள் கண்ணை மூடினால் என்ன வரும், தூக்கம்தான் வந்தது. அவருக்குப் பிறகு அனுபவம் உள்ளவர் என்று என்னை எழுப்பி நிறுத்தினார்கள். மைக்கைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் நன்றாக வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்ல வராததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கடை போடிமெட்டைத் தாண்டி, மூணாறு போகும் சாலையோரம் இருக்கிறது. இட்லி, வடை, டீ. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் சாப்பாடு. டீ அடுப்பு என் வீட்டுக்காரர் பொறுப்பு, மற்றதெல்லாம் நான். கடை வைப்பதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் நான் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். விடிவதற்குள் போடியில் ஜீப் ஏறி, மலை வளைவுகளில் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து, மேலே வந்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவோம். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் போகலாம் என்று சட்டம் சொல்லும் கணக்கு வேறு, நாங்கள் போன கணக்கு வேறு. அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஜீப்பில் எனக்குப் பக்கத்து இடம் ஒருத்திக்கு. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் மதினி என்றுதான் கூப்பிடுவேன். தோட்டத்திலும் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வரிசைதான். என் கூடை நிறையாவிட்டால் அவள் இரண்டு கை அள்ளிப் போடுவாள், போட்டுவிட்டு அரைமணி நேரம் திட்டுவாள். அவள் திட்டு எனக்குப் பிடிக்கும்.

ஒரு மழை நாளில் மதினிக்குக் குளிர்க் காய்ச்சல். ஜீப்புக்கு நேரம் இருந்தது. பக்கத்துப் பஜாரில் ஒரு ஓட்டலுக்கு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். சூடாக ஒரு டீ குடிக்கட்டுமே என்றுதான். வாசல் படியில் கால் வைத்தோம். கல்லாவில் இருந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "வெளிய நின்னு குடிங்க, தரை சேறாவும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் ஒழுகும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு மதினி டீ குடித்தாள். கை நடுங்கி பாதி டீ கீழே போனது. அப்போதுதான் முதல்முதலாகக் கடை வைக்க வேண்டும் என்று தோன்றியது. பணம் சம்பாதிப்பதற்காகத் தொடங்கினேன் என்று சொன்னால் அது பொய்.

தொடங்கியபோது தகரக் கொட்டகைதான். மண் தரை, இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு. எங்கள் ஊர் ஜீப்புகள்தான் வாடிக்கை. தோட்டத்தில் எட்டு மணிக்குப் பேர் கூப்பிட்டுவிடுவார்கள். தவறினால் அரைநாள் கூலி போச்சு. அதனால் ஒரு ஜீப் என் கடையில் பத்து நிமிடம்தான் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் பதினாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் மென்று விழுங்கவும் வேண்டும்.

அந்த நிமிடக் கணக்கை வெளியே நிற்கும் யாரும் அறியமாட்டார்கள். உள்ளே இருந்தவள் என்பதால் எனக்குத் தெரியும். கீழே மூன்றாவது வளைவில் ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்கும். கேட்டதும் இவர் டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் ஊதிக்கொண்டே நேரம் போய்விடும், பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடுவார்கள். வாய் பொறுக்கும் சூட்டில் டீ தயாராக இருக்க வேண்டும். வடையை இரண்டிரண்டாக இலைக் கிழிசலில் வைத்து அடுக்கியிருப்பேன். சட்னி தனிக் கிண்ணத்தில் கிடையாது, வடை மேலேயே ஊற்றிவிடுவேன். முதல் ஆள் இறங்கும்போது முதல் டம்ளர் அவள் கையில் இருக்கும். எந்தக் கடையிலும் சட்னி இதைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் பத்து நிமிடம் என்றால் என்ன என்று இந்தச் சாலையில் என்னைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஐந்து வருடம் அப்படி ஓடியது. கையில் கொஞ்சம் சேர்ந்ததும், கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கட்டடம் கட்டினோம். இவர் சிமெண்ட் தரை போதும் என்றார். நான் கேட்கவில்லை. போடிக்குப் போய், கடைக்காரர் மூச்சு வாங்கும்வரை பெட்டி பெட்டியாகத் திறக்கச் சொல்லி, வெள்ளையில் லேசாகச் சந்தன நிறம் ஓடிய டைல்ஸ் எடுத்தேன். முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. நாலு மேசை, பதினாறு நாற்காலி. எங்கள் பெண்கள் இனி யார் கடைத் தாழ்வாரத்திலும் நிற்க வேண்டியதில்லை, மகாராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தத் தரை முழுக்க முழுக்க அவர்களுக்காகப் போட்டது. இதை மறந்துவிடாதீர்கள்.

சித்திரையில் கடை திறந்தோம். ஜீப் வந்து நின்றது. பெண்கள் இறங்கி வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல உள்ளே வந்தார்கள். மதினி குனிந்து ஒரு விரலால் தரையைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு மனசு பூரித்துப் போய்விட்டது. எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று இவரிடம் சொன்னேன். அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் வாசலே தெரியவில்லை.

ஆனியில் மழை பிடித்தது. அத்தோடு ஜீப்புகள் ஒவ்வொன்றாக நிற்பது குறைந்தது. காய் எடுப்பு தொடங்கினால் மலைக்கு ஆள் அதிகம், வியாபாரமும் அதிகம். ஐந்து வருடமும் அப்படித்தான். அந்த வருடம் மட்டும் தலைகீழ். ஆடியில் இரண்டு ஜீப். ஆவணியில் அதுவும் இல்லை. என் கடையைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போய், பிளாஸ்டிக் தாள் கட்டிய ஒரு தட்டுக்கடையில் நின்றார்கள். அந்த டீயை நான் குடித்துப் பார்த்திருக்கிறேன். டீத்தூளுக்கும் தண்ணீருக்கும் அறிமுகம்கூட ஆகியிருக்காது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒவ்வொன்றாகக் குறை கண்டுபிடித்தேன். முதலில் சட்னி. தேங்காயைக் கூட்டினேன். பிறகு வடை. பெரிதாகத் தட்டினேன். பிறகு இவருடைய டீ. அதில் இரண்டு பேருக்கும் சண்டை வந்து, ஒருநாள் முழுக்க அவர் என்னோடு பேசாமல் வாடிக்கைக்காரரிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணேறு என்று பூசணிக்காய் கட்டினேன். தட்டுக்கடைக்காரர் டிரைவர்களுக்குக் கையூட்டுக் கொடுக்கிறார் என்று நானே முடிவு செய்து, நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன். பாவம், அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

மூணாறு போகும் சுற்றுலாக் கார்கள் நின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் சனி, ஞாயிறு ஆட்கள். மழை பலமாக இருந்தால் அதுவும் இல்லை. ஒரு டீ வாங்கி, வெளியே மூடுபனியோடு பத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். தினமும் கல்லாவை நிறைத்தவர்கள் ஜீப்பில் வந்த பெண்கள்தான்.

எனக்கு ஆத்திரமூட்டியது வேறொன்று. நிற்காமல் போனால் நேராகப் போய்த் தொலைய வேண்டியதுதானே? போகமாட்டார்கள். என் கடை வந்ததும் ஜீப் மெதுவாகும். ஆள் நடக்கும் வேகத்துக்குக் குறையும். உள்ளேயிருந்து எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். யாராவது கையை நீட்டிக் காட்டுவார்கள். கடையைக் கடந்ததும் மறுபடி வேகமெடுக்கும். தினமும் இப்படி. ஆள் இல்லாத கடையை வேடிக்கை பார்க்கிறார்கள், கூடைக்காரி முதலாளி ஆனாளே, இப்போது பார் என்று கேலி பேசுகிறார்கள் என்று நினைத்தேன். அதில் மதினி தலையும் இருந்ததுதான் தாங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வேன். சில நாள் உள்ளே போய் அழுதும் இருக்கிறேன்.

புரட்டாசி பிறந்ததும் இவர் பேச்சை எடுத்தார். திருப்பூரில் அவருடைய மச்சான் முறைக்காரர் ஒருவர் கம்பெனியில் ஆள் கேட்டிருந்தார். தீபாவளி வரைக்கும் பார்ப்போம், அதற்குள் சரியாகாவிட்டால் கடையை மூடிவிடலாம் என்றார், தான் திருப்பூர் போவதாகவும் சொன்னார். நான் என்ன செய்வது என்று கேட்டேன். கேட்க என்ன இருக்கிறது? எனக்கு இருப்பது ஜீப்தான். மறுபடி விடிகாலை ஜீப், மறுபடி அந்தப் பக்கத்து இடம், என் கடை இருந்த இடத்தைத் தினமும் காலையும் மாலையும் கடந்து போக வேண்டும். அதை நினைத்தபோது எனக்கு வேலை பயமாக இல்லை. அந்த இடத்தைக் கடக்கிற அந்த அரை நிமிடம்தான் பயமாக இருந்தது.

புதிதாகக் கடை வைப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்கள் குறைந்தால் வருகிறவர்களிடம் காரணம் கேட்டுப் பயனில்லை. அவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள், அவர்களுக்கு நன்றாக இருப்பதால்தானே வருகிறார்கள். வராதவர்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். நான் போயிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். சாயங்காலம் போடி ஸ்டாண்டில் போய் நின்று, ஏன் மதினி வருவதில்லை என்று ஒரு வார்த்தை கேட்க எவ்வளவு நேரமாகும்? ரோஷம் விடவில்லை. நான் என்ன தப்பு செய்தேன், அவள் வந்து சொல்லட்டும் என்று மூன்று மாதம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடையை மூடும் நிலைக்குக் கொண்டுவந்தது தரை பாதி, என் ரோஷம் பாதி.

தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒருநாள் காலை நல்ல மழை. வழக்கமான நேரத்துக்கு ஜீப் வந்தது. நான் திரும்பி நின்றுகொண்டேன். மெதுவாகும் சத்தம் கேட்டது, ஆனால் மறுபடி வேகமெடுக்கும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்சக்கரம் பஞ்சர். சரியாக என் கடைக்கு நேரே.

டிரைவர் இறங்கி ஜாக்கியைத் தேடினார். பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள். கட்டடத்தின் முன்பக்கம் சன்னமாக ஒரு தகரம் நீட்டியிருந்தது. பதினாலு பேரும் அதன் கீழே சுவரோடு ஒட்டி நின்றார்கள். தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு, பாதி உடம்பு நனைய நின்றார்கள். உள்ளே பதினாறு நாற்காலியும் காலி. ஒருத்திகூட உள்ளே வரவில்லை. எனக்கு எந்த அளவுக்குக் கோபம் வந்தது என்றால், என் கடைக்குள் வருவதைவிட நனைந்து சாகலாம் என்று நினைக்கிறார்களா என்று கத்தப் போனேன்.

அதற்குள் மதினி வாசலுக்கு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்து என்னைக் கண்டு சிரித்தாள். பிறகு படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், அதற்குள் அட்டை ஏறாமல் இருக்க நீளமான துணிக் காலுறை. மழையில் ஊறின பூட்ஸ் லேசில் கழலாது. இழுத்தாள். வரவில்லை. இன்னொருத்தி வந்து குதிகாலைப் பிடித்து இழுத்தாள். ஒன்று வந்தது. இரண்டாவதற்கு இன்னும் நேரமானது. காலுறையை உரித்துப் பிழிந்து வெளியே வைத்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இரண்டு பாதங்களையும் துடைத்தாள், விரல் இடுக்கு உட்பட. அதன் பிறகுதான் உள்ளே ஒரு அடி வைத்தாள். ஈரப் பாதம் பதிந்தது. குனிந்து அதே துண்டால் அந்த அடையாளத்தைத் துடைத்தாள். அடுத்த அடி வைத்தாள், அதையும் துடைத்தாள்.

நான் வடைத் தட்டோடு நின்றேன். மூன்று மாதமாகச் சட்னியிலும் வடையிலும் டீயிலும் நான் தேடியது என் கண் முன்னால் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டு வந்தது. அதற்குள் வெளியே டிரைவர் சக்கரத்தை மாட்டிவிட்டு ஹாரன் அடித்தார். மதினி பாதி வழியில் நின்றாள். பூட்ஸை மறுபடி மாட்ட வேண்டுமே. டீயைக் கையில்கூட வாங்கவில்லை, திரும்பிவிட்டாள்.

நான் பின்னாலேயே ஓடி வாசலில் அவள் கையைப் பிடித்தேன். எதற்கு இந்தக் கூத்து, பூட்ஸோடு வந்தால் என்ன என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஏத்தா, கண்ணாடி கணக்காத் தரையைப் போட்டு வச்சிருக்க. அதுல எப்பிடிச் சேத்துக் காலோட மிதிக்க? களட்டி மாட்டுறதுக்குள்ள பத்து நிமிசம் போயிருதுல்ல."

அப்படியானால் தினமும் ஜீப்பை மெதுவாக்கி வேடிக்கை பார்ப்பது ஏன் என்று கேட்டேன். அவள் ஒரு காலைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டே சொன்னாள்.

"நாங்கதான் டிரைவர்கிட்டச் சொல்லி வச்சிருக்கோம், நம்ம புள்ள கடை வந்தா மெதுவாப் போப்பான்னு. ஒருக்காப் பாத்துட்டுப் போனாத்தான் எங்களுக்கு நல்லாருக்கு. நீதான் எப்பப் பாரு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறவ."

ஜீப் போய்விட்டது. நான் அந்த ஈர வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாழ்வாரத்தில் நின்று குடி, தரை சேறாகும் என்று அன்றைக்கு அந்த மனிதர் வாயால் சொன்னார். இன்றைக்கு அதையே என் தரை சொல்லியிருக்கிறது. அவர் வேண்டாதவர்களிடம் சொன்னார், என் தரை எனக்கு வேண்டியவர்களிடம் சொல்லியிருக்கிறது. அவர்கள் அதைக் கேட்டுவிட்டு, கோபித்துக்கொள்ளாமல், மழையில் போகிற போக்கில் என் கடையைப் பார்த்துப் பெருமைப்பட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் அதே பூட்ஸ் போட்ட காலுக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்ட் பூசலாம், அப்போதே சொன்னேனே என்றார். சொன்னார்தான். அதை அவர் அன்று மூன்று முறை நினைவுபடுத்தினார். நான் பெயர்க்கமாட்டேன் என்றேன். அவர்களுக்காகப் போட்ட தரை, அவர்கள் மிதித்துத்தான் தீர வேண்டும். கடைக்கு வெளியே பெஞ்சு போடலாமே என்றார். எனக்கு மறுபடி அந்தத் தாழ்வாரமும் மதினியின் நடுங்கும் கையும் நினைவுக்கு வந்தன. பெஞ்சும் வேண்டாம் என்றேன். பிறகு என்னதான் செய்யப் போகிறாய் என்று கேட்டார். பரணில் என் பழைய பூட்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மூன்றாவது வளைவில் கியர் மாறும் சத்தம் கேட்டதும் இவரை டீ ஆற்றச் சொல்லிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு சாலைக்கு வந்தேன். ஓரத்து ஓடையில் செம்மண் சேறு கரைகட்டி நின்றது. இரண்டு காலையும் அதில் நன்றாக அமுக்கினேன். ஜீப் வழக்கம்போல மெதுவாகியது. குறுக்கே நின்றேன். டிரைவர் தலையை நீட்டி என்னக்கா என்றார். நான் திரும்பி, எல்லோரும் பார்க்க, படியேறி, அந்தச் சந்தன நிறத் தரையில் வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் நடந்தேன். மெதுவாக இல்லை, தப்புத் தப்பென்று மிதித்து நடந்தேன். அடுப்பிலிருந்து திரும்பி வாசலுக்கு வந்தேன். தரை முழுக்கச் சிவப்பு. இவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"இனிமே அழுக்காக என்ன இருக்கு? சேத்துக் காலோட வாங்க," என்றேன்.

மதினிதான் முதலில் இறங்கினாள். படியில் ஒரு வினாடி நின்றாள், பழக்கம் விடவில்லை. நான் வைத்திருந்த கால் தடத்துக்குள்ளேயே தன் காலை வைத்து உள்ளே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் பதின்மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி சட்னியில் தேங்காய் கூடிப் போச்சு என்றாள். ஒன்பது நிமிடத்தில் எழுந்து போனார்கள். அன்றைக்கு நான் அழுதது வேறு அழுகை.

அந்தத் தீபாவளிக்கு யாரும் திருப்பூர் போகவில்லை. போன ஜீப்புகள் உடனே எல்லாம் திரும்பி வந்துவிட்டதாகச் சொன்னால் அது கதை. ஒவ்வொன்றாகத்தான் வந்தன, தை வரைக்கும் ஆனது. தட்டுக்கடைக்காரரிடம் போய், உங்களைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு நான் பேசியதே தெரியாதாம், சொல்லித்தான் தெரிந்தது. இப்போது அவர் சாயங்காலம் இறங்கும் ஜீப்புகளுக்குச் சுண்டல் போடுகிறார். அவருடைய சுண்டல் நன்றாக இருக்கும்.

இப்போது வியாபாரம் இப்படி. ஆறரையிலிருந்து ஏழே முக்கால் வரை தரை சேறுதான். கடைசி ஜீப் போனதும் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். டைல்ஸில் சேறு ஒட்டாது, ஒரு இழுப்பில் வந்துவிடும். சிமெண்ட் தரையாக இருந்தால் ஊறிப் போயிருக்கும். டைல்ஸ்தான் சரி என்று நானும் அவருக்கு மூன்று முறை சொல்லிவிட்டேன். எட்டரைக்குக் கார்கள் வரும்போது தரையில் முகம் பார்க்கலாம். ஒருநாள் கார்க்காரர் ஒருவர் சீக்கிரமே வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்து, என்ன இவ்வளவு அழுக்காக இருக்கிறதே என்றார். வெளியே நின்று குடியுங்கள் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன். அரைமணி நேரம் கழித்து வாருங்கள், இது இப்போது அவர்கள் நேரம் என்று சொன்னேன். அவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். நாலு வடை சாப்பிட்டார்.

அதனால் கடை வைக்கப் போகிறவர்களே, அழகாக வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திறப்பதற்கு முன்னால் ஒருமுறை உங்கள் வாடிக்கைக்காரர் எந்தக் காலோடு வருவாரோ அந்தக் காலோடு வாசலிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். எங்கே கால் தயங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், உங்கள் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் முதுகைக் காட்டாதீர்கள். அவர்கள் எதற்குப் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

மதினிக்கு இப்போது முழங்கால் வலி. இன்னும் இரண்டு வருடம்தான் காய் எடுப்பேன் என்கிறாள். அதற்குப் பிறகு என் கடையில் வந்து உட்கார்ந்து எல்லோரையும் திட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கென்று அடுப்புப் பக்கம் ஒரு நாற்காலி இருக்கிறது.

சில நாட்களில் ஜீப் கீழேயே நேரமாகிக் கிளம்பும். அன்றைக்கு நிற்க முடியாது. நின்றால் பேர் கூப்பிடுவதற்குள் போய்ச் சேரமுடியாது. ஆனாலும் என் கடைக்கு நேரே வந்ததும் மெதுவாகும். எல்லாத் தலையும் திரும்பும். நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, அவர்கள் பார்க்கும்படி நிற்பேன். நான் நீட்டும் வடைப் பொட்டலத்தை மதினி ஜீப்பிலிருந்து எட்டி வாங்கிக்கொள்வாள்.